வீட்டுத் தண்ணீருக்கும் ஒரு வட்டவிதானை வேண்டும்

வயல் தண்ணீருக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதை விவசாயக் குடும்பங்களாகிய உங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. வாய்க்காலில் எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது, எப்போது தண்ணீரை நிறுத்துவது என்பவை அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. கண்டத்துக்குக் கண்டம் வட்டவிதானை இருக்கிறார். மேல் வயல்காரர் தண்ணீரை மறித்தால் கீழ் வயல்காரர் வந்து கேட்பார். இருவரும் இணங்காவிட்டால் வட்டவிதானை நடுவில் நின்று தீர்த்துவைப்பார். கல்லோயாத் தண்ணீர் இங்கினியாகலையிலிருந்து இத்தனை மைல் தாண்டிக் கரைவாகு வயலுக்கும் சம்மாந்துறை வயலுக்கும் வந்து சேர்வதற்கு அணைக்கட்டு மட்டுமல்ல, இந்த ஒழுங்கும் காரணமாகும்.

ஆனால் அதே விவசாயி வயலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இந்த ஒழுங்கைப் படலைக்கு வெளியே விட்டுவிடுகிறார். கிணறு என் வளவுக்குள் இருக்கிறது, மோட்டர் என்னுடையது, மின்கட்டணம் நான் கட்டுகிறேன், ஆகவே எவ்வளவு இறைத்தாலும் யாருக்கென்ன என்று எண்ணுகிறார். பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் இந்தக் கரையோர மணலில் அந்த எண்ணம் பிழையானது. ஏன் பிழை என்பதையும், எமது வீட்டுத் தண்ணீரை நாமே எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இது இன்னும் அவசியமான விடயம். 1990ஆம் ஆண்டின் வன்செயல்களால் ஊர் விட்டவர்களும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் வீடும் வளவும் இழந்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். முகாமில் இருந்த நாட்களில் தண்ணீர் பவுசரில் வந்தது. பெரிய பிளாஸ்ரிக் தாங்கியில் நிரப்பினார்கள், வாளியுடன் வரிசையில் நின்று எடுத்தோம். தண்ணீர் சுத்தமானதா என்று பார்ப்பது வேறு யாருடையதோ வேலையாக இருந்தது. பின்னர் மருதமுனையில் 65 மீற்றர் வீட்டுத் திட்டமும், சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமமும், கல்முனையில் கிறீன் பீல்ட் தொடர்மாடி வீடுகளும், இன்னும் பல சிறு குடியேற்றங்களும் எழுந்தன. இத்தகைய இடங்களில் வீட்டின் சாவியைக் கையில் தருவதற்கு விழா எடுப்பார்கள். ஆனால் மலக்குழி எங்கே இருக்கிறது, தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே, தாங்கியை எப்போது கழுவுவது என்பதைச் சொல்லித்தருவோர் குறைவு. சாவியோடு பொறுப்பும் எம்மிடம் வந்துவிட்டது. அறிவு மட்டும் வரவில்லை.

மணலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

எமது கரையோரம் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணல் திடல். மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கிச் சில அடி ஆழத்திலேயே தங்கி நிற்கிறது. அதனால்தான் இங்கே கிணறு வெட்டுவது இலகு. நாலு கொங்கிறீற் வளையம் இறக்கினால் தண்ணீர் கண்டுவிடலாம்.

ஆனால் அந்த நல்ல தண்ணீருக்குக் கீழே மணலினூடாகக் கடல்நீரும் உள்ளே வந்து கிடக்கிறது. உப்புநீர் கனம் கூடியது, மழைநீர் கனம் குறைந்தது. தண்ணீரின் மேல் தேங்காய் எண்ணெய் மிதப்பது போல உப்புநீரின் மேல் மழைநீர் மிதக்கிறது. ஒல்லாந்தரான பாடன் கைபன், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் ஆகிய இருவரும் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பதே அக்கணக்கு.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நாம் எல்லோரும் சேர்ந்து இறைத்து, தண்ணீர் மட்டத்தை ஓர் அடி நிரந்தரமாகக் குறைத்துவிட்டால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலே ஏறிவரும். ஒரு தனிக் கிணற்றில் வேகமாக இறைத்தாலும், அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் புற்றுப் போல மேலெழும்பும். கடல்நீர் அதிகம் கலக்க வேண்டியதில்லை. நூறு வாளி நல்ல தண்ணீரில் இரண்டு வாளி கடல்நீர் கலந்தாலே நாக்குக்கு உப்புத் தெரியத் தொடங்கும்.

உள்நாட்டிலிருந்து வந்து குடியேறிய விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லும் களியுமான மேட்டு நிலத்தில் கிணறு வற்றினால் இன்னும் ஆழமாக்குவோம். அங்கே அது சரி. இந்த மணற்கரையில் அதே வழக்கம் கேட்டைத் தரும். இங்கே ஆழமாகப் போகப்போக உப்பை நோக்கியே போகிறோம். அகலமான, ஆழம் குறைந்த கிணறே இந்த மண்ணுக்கு ஏற்றது. கோடையில் கிணறு உப்புக் கரித்தால் குழாயை இன்னும் கீழே இறக்காதீர்கள். இறைப்பதைக் குறையுங்கள்.

சுனாமி கற்பித்த பாடம்

இலங்கையில் சுனாமியால் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மடிந்தனர். கடல் திரும்பிப் போனபோது, கரையோரக் கிணறுகளை உப்பும் சேறும் குப்பையும் நிரப்பிவிட்டுப் போனது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனத்தோடு மோட்டர்களைக் கொண்டுவந்து கிணறுகளை இறைத்தார்கள். உப்புப் போகவில்லை என்று திரும்பவும் இறைத்தார்கள். ஒரு நிறுவனம் இறைத்துவிட்டுப் போன கிணற்றை மற்றொரு நிறுவனமும் வந்து இறைத்தது.

பலன் என்ன? சேறும் குப்பையும் போயின. அது நல்லதுதான். ஆனால் உப்புப் போகவில்லை. கிணற்றுக்குள் இருந்த தண்ணீர் மட்டுமா உப்பு? சுற்றியிருந்த மணல் முழுவதிலும் கடல்நீர் இறங்கியிருந்தது. இறைக்க இறைக்க அந்த உப்புநீரே கிணற்றுக்குள் வந்தது. கீழேயிருந்த உப்பும் மேலே ஏறியது. வேகமாக இறைத்தபோது வளையத்துக்கு வெளியே இருந்த மணலும் தண்ணீரோடு உள்ளே இழுபட, சில கிணறுகள் சரிந்தன. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2005இல் கிழக்குக் கரையில் கிணறுகளை அளந்து பார்த்து, மீண்டும் மீண்டும் இறைப்பதை நிறுத்தும்படி ஆலோசனை கூறினர். உப்பைக் கழுவியது பிறகு வந்த மாரி மழைதான். மேலேயிருந்து இறங்கிய புது மழைநீர் உப்புநீரை மெல்ல மெல்லக் கீழே தள்ளியது.

இதில் எமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, இந்த மண்ணில் அவசரம் உதவாது. கடல் நுழைந்த கிணற்றை ஒருமுறை மெதுவாக இறைத்துச் சேற்றை அள்ளிவிட்டு, மழைக்கு விட்டுவிட வேண்டும். இரண்டாவது, மழையே எமது கிணற்றின் வைத்தியர். கூரைத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் தெருக் கானுக்கு ஓட விடுகிறோம். முற்றம் முழுவதும் சீமெந்து போட்டு மூடுகிறோம். அப்படிச் செய்தால் அந்த வைத்தியரை வீட்டு வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறோம் என்றே பொருள். கூரைத் தண்ணீர் மணலுக்குள் இறங்குவதற்கு வளவில் ஒரு மூலையையாவது திறந்து விடுங்கள்.

கிணறும் மலக்குழியும்

மணல் தண்ணீரைச் சேமிப்பது போலவே அழுக்கையும் கடத்துகிறது. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அல்லது 60 அடி இருக்க வேண்டும். மணற்பாங்கான இடத்தில் 100 அடி இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பத்துப் பேர்ச்சஸ் காணி என்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி. சதுரமாக இருந்தால் நீளம் 52 அடி, அகலம் 52 அடி. அதற்குள் வீடு, அடுப்படி, கிணறு, மலசலகூடம் எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் குழியையும் உங்கள் கிணற்றையும் வளவின் இரு மூலைகளில் வைத்து ஒருவாறு தூரத்தைச் சமாளித்துவிடலாம். ஆனால் வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டாரின் குழி எங்கே இருக்கிறது? உங்கள் கிணற்றிலிருந்து பத்தடியில் இருக்கலாம். உங்கள் குழி அவர்களின் கிணற்றிலிருந்து எட்டடியில் இருக்கலாம். வேலி மண்ணுக்கு மேலேதான் நிற்கிறது. மண்ணுக்குக் கீழே எல்லோருக்கும் ஒரே தண்ணீர்.

தூரத்தோடு ஆழமும் முக்கியம். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே ஐந்து அடியாவது வரண்ட மண் இருந்தால்தான் அழுக்கு வடிகட்டப்படும். கோடையில் குழி வெட்டியவர்கள் நல்ல வரண்ட மண் என்று எண்ணியிருப்பார்கள். மாரியில் தண்ணீர் மட்டம் ஏறும்போது அதே குழி நிலத்தடி நீருக்குள் மூழ்கிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் அடியும் பக்கமும் சீமெந்தால் அடைத்த தாங்கியே பாதுகாப்பானது. அது நிரம்பியதும் மலக்கழிவகற்றும் பவுசரைக் கூப்பிட வேண்டும். பணச் செலவு உண்டு. ஆனால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அலையும் செலவும் கூலி இழக்கும் நாட்களும் அதைவிடக் கூட.

கிணற்றடியிலும் கவனம் தேவை. கிணற்றுக் கட்டைச் சுற்றிச் சீமெந்துத் தளம் போட்டு, குளிக்கும் தண்ணீரும் துவைக்கும் தண்ணீரும் தூரமாக வடிந்தோடக் கான் அமையுங்கள். மருதமுனையில் நூலுக்குச் சாயமிடும் வீடுகள் சாயத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றக் கூடாது. மாட்டுப் பட்டியையும் எருக் குவியலையும் கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

கிணற்றைத் துப்புரவாக்கும் முறை

வெள்ளம் வந்துபோன பின்னரும், கிணற்றுக்குள் ஏதாவது விழுந்து இறந்தாலும், குளோரின் இட்டுத் துப்புரவாக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் எமது மாவட்டத்தில் வந்த வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பீர்கள். அத்தகைய வெள்ளத்துக்குப் பின்னர் தெளிந்த தண்ணீரையும் நம்பக் கூடாது. முறை வருமாறு:

1. குப்பையையும் சேற்றையும் அகற்றுங்கள். இறைப்பதாயின் மெதுவாக இறையுங்கள். பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகை உள்ளே இறங்கியவரை மயக்கிக் கொன்றுவிடும். எவரும் தனியாகக் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. மேலே இருவர் கயிற்றுடன் நிற்க வேண்டும்.

2. கிணற்றிலுள்ள தண்ணீரின் அளவைக் கணக்கிடுங்கள். கிணற்று அகலத்தின் பாதியை அதே பாதியால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்குங்கள். எல்லாம் அடிக் கணக்கில். வந்த விடையை 28ஆல் பெருக்கினால் லீற்றர் கிடைக்கும். 4 அடி அகலக் கிணற்றில் 5 அடி தண்ணீர் நின்றால், 2 x 2 x 3.14 x 5 = 62.8. அதை 28ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,760 லீற்றர்.

3. ஆயிரம் லீற்றருக்கு 70 கிராம் வெளிற்றும் தூள் போதுமானது. மேலே சொன்ன கிணற்றுக்கு ஏறக்குறைய 125 கிராம். இது 30 வீதம் குளோரின் உள்ள புதிய தூளுக்கான கணக்கு. நாட்பட்ட, திறந்து வைத்த தூளில் வீரியம் இருக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் நல்ல தூளையும் சரியான அளவையும் சொல்லுவார்.

4. தூளை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரைக் கிணற்றுக்குள் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். கிணற்றின் உட்சுவரிலும் தெளியுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டுடன் இந்தத் தூளைச் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு எழும்பும்.

5. ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் எவரும் தண்ணீர் அள்ளக் கூடாது. மறுநாள் குளோரின் மணம் மெல்லியதாகும் வரை சிறிது சிறிதாக அள்ளி ஊற்றுங்கள். பிறகு பாவிக்கலாம்.

குளோரின் கிருமியைக் கொல்லும். உப்பை நீக்காது. உப்புக்கு மருந்து மழையும் பொறுமையும்தான்.

மோட்டரும் தாங்கியும்

கிணற்றுக்கு வெளியே வைக்கும் மோட்டர் ஏறத்தாழ 25 அடிக்குக் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சாது. எமது கிணறுகளுக்கு அது போதும். குழாயின் நுனியிலுள்ள புட் வால்வு கிணற்றின் அடியில் படாமல், ஓர் அடிக்கு மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மணலை உறிஞ்சி மோட்டரைக் கெடுத்துவிடும். மோட்டர் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளேயுள்ள சீல் கருகிவிடும். பெரும்பாலும் புட் வால்வில் ஏதாவது சிக்கி, குழாயிலிருந்த தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும். வால்வைச் சுத்தப்படுத்தி, மோட்டரின் மேல்மூடியைக் கழற்றித் தண்ணீர் நிரப்பிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் ஒரே மூச்சில் இரண்டு மணித்தியாலம் இறைக்காதீர்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்து இறைத்தால் மணலிலிருந்து தண்ணீர் ஊறி வர நேரம் கிடைக்கும். உப்பும் மேலெழும்பாது.

மோட்டருக்குப் புவித்தொடுப்பும் வீட்டுக்கு ட்ரிப் சுவிட்சும் கட்டாயம் இருக்க வேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். ஒட்டுப் போட்ட வயரை ஈரத் தரையில் இழுத்து வைத்துப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் மோட்டர் ஓட்டுவது உயிரோடு விளையாடும் வேலை.

மேல் தாங்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். அடியில் படிந்த சேற்றை அகற்றித் தேய்த்துக் கழுவி, வெளிற்றும் தூள் கரைத்த தண்ணீரால் அலசி, கழுவிய தண்ணீரை வெளியே விட்டபின் நிரப்புங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை தாங்கி மூடியையும், தொட்டியையும், வாளிகளையும் பார்ப்பது வெள்ளிக்கிழமைத் தொழுகை போல, ஞாயிறு பூசை போலத் தவறாத வழக்கமாகட்டும்.

குழாய் நீர் வந்த வீடுகள்

கொண்டவட்டுவான் குளத்து நீரைச் சுத்திகரித்துத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கரையோர ஊர்களுக்குக் குழாய் வழியே அனுப்புகிறது. மணல் கிணற்றை மட்டும் நம்பியிருந்த ஊர்களுக்கு இது பெரும் நிம்மதி. ஆனால் மானி வரைதான் சபையின் குழாய். மானிக்கு இந்தப் பக்கம் உள்ளதெல்லாம் வீட்டுக்காரருடைய பொறுப்பு.

மாதம் ஒருமுறை இரவில் படுக்குமுன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மானியின் எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் ஒருவரும் தண்ணீர் எடுக்குமுன் மீண்டும் பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மலசலகூடத் தொட்டியின் மிதவை வால்வையும், மேல் தாங்கி வழிகிறதா என்பதையும் முதலில் பாருங்கள். ஒரு குழாயிலிருந்து வினாடிக்கு ஒரு துளி விழுந்தால் நாளொன்றுக்கு 20 லீற்றர் அளவு போய்விடும். முகாமில் வரிசையில் நின்று சுமந்த பெரிய கான் ஒன்றின் கொள்ளளவு அது.

சொட்டும் குழாயைத் திருத்த மேசன் தேவையில்லை. மானிக்கு அருகிலுள்ள வால்வை மூடுங்கள். குழாயின் தலைப்பகுதியைச் சாவியால் கழற்றுங்கள். உள்ளே தேய்ந்த றப்பர் வட்டு இருக்கும். அதே அளவு புதிய வட்டைக் கடையில் சில ரூபாய்க்கு வாங்கிப் பொருத்துங்கள். புரியில் வெள்ளை நாடாவை, குழாய் முறுக்கப்படும் திசையிலேயே சுற்றி இறுக்குங்கள். பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். மகன்மாருக்கு மட்டுமல்ல, மகள்மாருக்கும்.

கிணற்று மோட்டர்க் குழாயையும் சபையின் குழாயையும் ஒன்றாக இணைத்துவிடாதீர்கள். சபையின் குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் போய், தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் சென்றுவிடும். சபைத் தண்ணீர் தாங்கிக்குள் மேலிருந்து விழும்படி அமைப்பதே பாதுகாப்பு.

கொதித்தாறிய நீரும் கேத்தல் அடியும்

கொதித்தாறிய நீர் குடிக்கும் பழக்கத்தை எமது தாய்மார் காத்து வருகிறார்கள். அது மிக நல்லது. தண்ணீர் தளதளவென்று கொதித்தால் கிருமிகள் சாகும். ஆனால் கொதிப்பது எல்லாவற்றையும் நீக்கும் என்று நினைக்கக் கூடாது. உப்பும், உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றும் கொதித்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் அவை இன்னும் செறிவாகும். மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்வோர் உரத்தை அளவுக்கு மீறிப் போட்டால், தண்ணீர் விடும்போது அது நேரே கிணற்று நீரில் இறங்கும். கற்பிட்டியின் மணல் தோட்டங்களில் இது ஆய்வுகளில் கண்டறியப்பட்ட உண்மை. நைத்திரேற்று மிகுந்த தண்ணீரில் கரைத்த பால்மா கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. அது இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதைத் தடுக்கிறது. தோட்டத்துக்கு நடுவே கிணறு உள்ள வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடுங்கள்.

விறகு கிடையாத நாட்களில் தெளிந்த தண்ணீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் படுக்க வைத்தாலும் பெரும்பாலான கிருமிகள் சாகும். மந்தாரமான நாளாயின் இரண்டு நாள் வைக்க வேண்டும்.

கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவது தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. அது தடித்தால் சூடு ஏறத் தாமதமாகும், விறகும் காஸும் கூடச் செலவாகும். வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ கலந்த தண்ணீரைச் சிறிது நேரம் கொதிக்க வைத்து ஊற விட்டால் கரைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் குளியலறைக்குச் சுடுநீர்க் கருவி பூட்டித் தந்திருந்தால் அதனுள்ளும் இதே படிவு பிடிக்கும். உவர்ப்பான கிணற்று நீரை அதற்குள் விடாதீர்கள். புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத வீட்டில் அதைப் பாவிக்கவே வேண்டாம்.

கூடிச் செய்ய வேண்டியவை

இதுவரை சொன்னவற்றுள் பாதியை ஒவ்வொரு குடும்பமும் தனியாகச் செய்யலாம். மறுபாதியைத் தனியாகச் செய்ய முடியாது. என் கிணறு சுத்தமாவது பக்கத்து வீட்டுக் குழியைப் பொறுத்தது. கிணறு உப்பாகாமல் இருப்பது தெரு முழுவதும் இறைக்கும் அளவைப் பொறுத்தது. தொடர்மாடியில் வாழ்வோருக்கோ தாங்கியும் குழாயும் கூடப் பொதுவானவை.

ஆகவே இருபது, இருபத்தைந்து வீடுகள் ஒன்றுகூடுங்கள். கடதாசியில் வீடுகளையும் கிணறுகளையும் மலக்குழிகளையும் வரைந்து, இடையேயுள்ள தூரத்தை நடந்து அளந்து எழுதுங்கள். எந்தக் கிணறு குடிப்பதற்கு, எது குளிப்பதற்கும் துவைப்பதற்கும் மட்டும் என்று தீர்மானியுங்கள். குழிகளுக்கு மிகத் தூரமான கிணற்றைக் குடிதண்ணீருக்கு ஒதுக்கி எல்லோருமாகப் பராமரியுங்கள். மாரி தொடங்குமுன், செப்டெம்பர் மாதத்தில் ஆரம்பக் கூட்டம் வையுங்கள். வருடத்துக்கு ஒருவரைத் தண்ணீருக்குப் பொறுப்பாகத் தெரிவுசெய்யுங்கள். ஆண்கள் வயலுக்கும் கடலுக்கும் போகும் நேரத்தில் வீட்டில் தண்ணீரோடு நாள் முழுவதும் நிற்பவர்கள் பெண்கள். ஆகவே வீட்டுத் தண்ணீரின் வட்டவிதானை ஒரு பெண்ணாக இருப்பதே பொருத்தம். குழிகளை வெறுமையாக்குவதற்கும், மோட்டர் திருத்துவதற்கும் மாதம் சிறு தொகை சேர்த்து ஒரு பொது நிதி வையுங்கள். அப்படிக் கூடிக் கேட்கும்போது மாநகர சபையிலும் பிரதேச சபையிலும் எமது குரல் கேட்கும்.

சுத்தமான குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28ஆம் திகதி தீர்மானம் எடுத்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலிலும் அதையே வலியுறுத்தினார். உரிமையைக் கேட்டுப் பெறுவதும் வேண்டும். கையிலுள்ளதைக் காப்பதும் வேண்டும்.

முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மதிக்கும் இபுறாகீம் நபியின், நாங்கள் ஆபிரகாம் என்று அழைப்பவரின், மகன் ஈசாக்கும் இடம்பெயர்ந்த மனிதர்தான். தகப்பன் வெட்டிய கிணறுகளை மற்றவர்கள் மண் போட்டு மூடியிருந்தார்கள். அவர் திரும்பவும் தோண்டினார். தண்ணீருக்காகச் சண்டை எழுந்தபோது விலகிப் போய் வேறிடத்தில் தோண்டினார். அங்கும் சண்டை எழுந்தது. மூன்றாவது கிணற்றில்தான் சண்டை ஓய்ந்தது. தாம் பெருகி வாழ்வதற்கு இனி இடமுண்டு என்று கண்டு அந்தக் கிணற்றுக்குப் பெயரும் வைத்தார். கிணறு இருந்த இடமெல்லாம் அவருக்கு ஊராகவில்லை. அயலாரோடு சமாதானம் கிடைத்த கிணற்றடிதான் ஊரானது.

எமக்குப் புது இடத்தில் வீடு கிடைத்திருக்கிறது. சிலருக்கு இன்னும் வயல் திரும்பிக் கிடைக்கவில்லை. அதற்கான போராட்டம் தொடரட்டும். ஆனால் வயலைக் காத்த அறிவு எம்மிடமிருந்து பறிபோகவில்லை. மடை கட்டவும், முறை வைக்கவும், கூடிப் பேசித் தீர்மானிக்கவும் தெரிந்த மக்கள் நாம். அந்த அறிவை இந்த மாரிக்கு முன்னர் கிணற்றடிக்குக் கொண்டுவருவோம். முதல் வேலையாக இன்று மாலையே பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து, உங்கள் கிணற்றுக்கும் அவர்களின் குழிக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து பாருங்கள்.